காலைத் தூக்கும் தசையும் அதன் நோவும்

படியேறும்போது ஒரு காலைத் தூக்கி மேற்படியில் வைக்கிறோம். மிதிவண்டியில் ஏறக் காலை உயர்த்துகிறோம். படுக்கையிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றுகிறோம். நடையையும் சேர்த்துக்கொண்டால் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை நிகழும் இச்செயலைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணாமலே செய்ய முடிவதுதான் உடல்நலத்தின் அடையாளம். ஆனால் சிலருக்கு ஒரு நாள், அவ்வாறு காலைத் தூக்கும்போது, வயிறும் தொடையும் கூடுகின்ற மடிப்பின் ஆழத்தில் ஏதோ ஒன்று பிடித்து இழுப்பதுபோல் நோவு தோன்றுகிறது. உட்கார்ந்து எழுந்தால் முதற் சில அடிகள் நொண்டுகின்றன; பிறகு சற்றுத் தளர்கிறது; மாலையில் மீண்டும் நோகிறது. இந்த நோவின் காரணம் யாது, தன்மை யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இது உயிரைக் கொள்ளும் நோயன்று. ஆயினும் இரண்டு காரணங்களால் இதனைத் தெரிந்துவைத்திருத்தல் நலம். முதலாவது, முறையறியாமல் நடத்தினால் சில வாரங்களில் ஆற வேண்டியது பல மாதங்கள் நீடித்து, உழைப்பவரின் வருவாயையும் விளையாடுபவரின் ஊக்கத்தையும் கெடுத்துவிடுகிறது. இரண்டாவது, இதே இடத்தில் இதே போன்ற நோவைத் தந்துகொண்டு வேறு சில கொடிய நோய்களும் மறைந்திருக்கக்கூடும். சிறிய நோயைப் பெரிதென்று அஞ்சுவதும் தவறு. பெரிய நோயைச் சிறிதென்று விட்டுவிடுவதும் தவறு. இரண்டையும் பிரித்தறியும் அறிவு நமக்கு வேண்டும்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பேச்சுவழக்கில் ‘இடுப்பு’ என்றால் பெரும்பாலும் அரைஞாண் கட்டும் இடத்தையும் முதுகின் அடிப்பகுதியையுமே குறிக்கிறோம். மருத்துவர் இடுப்பு மூட்டு என்று சொல்வதோ வேறு. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தியிருக்கும் மூட்டு அது. அது பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இல்லை. தொடையிடுக்கின் நடுப்பகுதிக்குப் பின்னே ஆழத்தில் இருக்கிறது. ஆகவே அம்மூட்டிலும் அதன் முன்னே செல்லும் தசையிலும் கோளாறு நேர்ந்தால் வலி தொடையிடுக்கில்தான் தெரியும். இதனை அறியாமையால் பலர் வயிற்று நோய் என்றும், சிறுநீர்க் கல் என்றும், குடலிறக்கம் என்றும் எண்ணி அலைகின்றனர். ‘இடுப்பு வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகிவிடும்.

காலைத் தூக்கும் வேலைக்கு முதன்மையானது இரண்டு தசைகள் கூடிய ஒரு கூட்டுத் தசை. அவற்றுள் ஒன்று சோவாஸ் என்பது. விலா எலும்பு தாங்கும் கடைசி முள்ளெலும்பு தொடங்கி, அதற்குக் கீழுள்ள ஐந்து முள்ளெலும்புகள் வரை பற்றிக்கொண்டு, வயிற்றின் பின்சுவரை ஒட்டி அது கீழிறங்குகிறது. மற்றொன்று இலியாக்கஸ் என்பது. இடுப்பெலும்பின் உட்புறம் கிண்ணம்போல் குழிந்திருக்கிறது. அக்குழிவில் விசிறிபோல் விரிந்து கிடப்பது இத்தசை. இரண்டும் ஒன்றுகூடி, தொடையிடுக்கின் வழியே வந்து, மூட்டின் முன்புறத்தைக் கடந்து, தொடையெலும்பின் உட்பக்கத்தில் மேல்முனைக்குச் சற்றுக் கீழேயுள்ள ஒரு சிறு புடைப்பில் சென்று பற்றுகின்றன. இக்கூட்டுத் தசைக்கு இலியோசோவாஸ் என்று பெயர். முதுகெலும்பையும் தொடையெலும்பையும் நேரே இணைக்கும் தசை இது என்பதால், நடக்கும்போது மட்டுமன்றி நிமிர்ந்து உட்காரும்போதும் இதற்கு வேலை உண்டு.

தசையின் சதைப்பகுதி கீழ்நோக்கி வரவர உறுதியான ஒரு கயிறாகத் திரள்கிறது. அக்கயிற்றைத் தசைநாண் என்கிறோம். கிணற்றில் நீர் இறைக்கும் கயிறு உருளைமேல் வளைந்து ஓடுவதுபோல, இத்தசைநாணும் இடுப்பெலும்பின் முன்விளிம்பிலுள்ள ஒரு மேட்டின்மீதும் மூட்டின்மீதும் வளைந்து செல்கிறது. கயிறு உருளையில் தேய்வதுபோல இது எலும்பில் தேய்ந்துவிடாமலிருக்க, இடையே பர்ஸா என்னும் தட்டையான ஒரு பையை இயற்கை வைத்திருக்கிறது. காற்றில்லாத பலூனைப் போன்ற அப்பைக்குள் வழவழப்பான நீர் சிறிதளவே இருக்கும். நம் உடம்பிலுள்ள இத்தகைய பைகளில் மிகப் பெரியது இதுவே. ஏறத்தாழ 100 பேரில் 15 பேருக்கு இப்பை இடுப்பு மூட்டின் உள்ளிடத்தோடு தொடர்பு கொண்டிருக்கும். அத்தகையோருக்கு மூட்டில் தேய்மானமோ வாதமோ நேர்ந்து நீர் சுரந்தால், அந்நீர் பைக்குள்ளும் வந்து நிறையும். பை மிகப் பெருத்துவிட்டால் அருகே ஓடும் தொடை நரம்பையும் இரத்தக் குழாயையும் நெருக்கி, கால் மரத்தலையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் உண்டு.

தசைநாணுக்கு நேரும் கோளாறும் பைக்கு நேரும் அழற்சியும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படும். ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை ஆதலால், வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்துக் கூறுதல் கடினம். நல்வாய்ப்பாக, தொடக்கத்தில் இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே. இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்ல வேண்டும். தசைநாணின் நோவு முழுவதும் அழற்சியே என்று முற்காலத்தில் கருதினர். நெடுநாள் நோவுற்ற தசைநாண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அழற்சியைவிட இழைகளின் ஒழுங்கு குலைந்திருப்பதே மிகுதியாகக் காணப்பட்டது. பின்னிய கயிற்றின் புரிகள் தளர்ந்து பிரிந்ததுபோன்ற நிலை அது. அழற்சி மட்டுமே என்றால் மருந்தால் தணித்துவிடலாம். புரி தளர்ந்த கயிற்றையோ மீண்டும் முறுக்கேற்றித்தான் வலுப்படுத்த வேண்டும்.

சிலருக்கு நோவோடு ஓர் ஒலியும் கேட்கும். காலைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்புறம் திருப்பி, மீண்டும் நேராக நீட்டும்போது தொடையிடுக்கில் ‘டக்’ என்று ஒரு சொடுக்கு. தசைநாண் எலும்பு மேட்டைத் தாண்டி விழுவதால் எழுவது அது என்று 1951-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்களான நுன்சியாத்தாவும் புளூமன்ஃபெல்டும் விளக்கினர். பின்னாளில் அல்ட்ராசவுண்டு கருவியால் தசைநாணின் அசைவை நேரிலேயே காண முடிந்தபோது, அது தசையின் இழைகள்மேல் புரண்டு திடீரென விழுவதாலும் அவ்வொலி எழுகிறது என்று தெரிந்தது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 87 பாலே ஆடற்கலைஞர்களுள் 100-க்கு 91 பேர் இவ்வாறு இடுப்பில் சொடுக்கு உண்டாவதாகக் கூறினர். அவர்களுள் வலியின்றி ஒலி மட்டும் உடையோரும் பலர். எனவே ஒலி மட்டும் கேட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. ஒலியோடு வலியும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். நம் நாட்டு ஆடலில் அரைமண்டி நிலையில் தொடைகளை வெளிப்புறம் திருப்பியே பயில்வதால், ஆடல் கற்கும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் இச்செய்தியை நினைவில் இருத்துவது நல்லது.

இந்நோவு யாருக்கு வருகிறது? பந்தை உதைப்போர், ஓடுவோர், தடை தாண்டுவோர், ஆடுவோர் ஆகியோருக்கு வருவது இயல்பு. ஆனால் விளையாட்டுத் திடலையே காணாதவருக்கும் இது வருகிறது. ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர் ஒருவர், உடல் பருக்கிறதே என்று கவலைப்பட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் ஐந்து கல் தொலைவு ஓடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது மலைமேலுள்ள கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர், முன்பயிற்சி ஏதுமின்றி நூற்றுக்கணக்கான படிகளை ஒரே மூச்சில் ஏறுகிறார். உட்கார்ந்திருக்கும் நிலையில் இத்தசை சுருங்கியே கிடக்கிறது. அவ்வாறே பழகிய தசையைத் திடீரென நீட்டவும் இழுக்கவும் செய்தால் அது தாங்குவதில்லை. சதை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாண் வலுப்பெற மாதங்கள் ஆகும். மனத்தின் ஊக்கமோ ஒரே நாளில் பெருகிவிடும். இம்மூன்றின் வேகமும் ஒத்துப்போகாததே இந்நோவின் முதற் காரணம்.

இவையன்றி, செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்ட சிலருக்கு, அதன் உலோகக் கிண்ணத்தின் விளிம்பு தசைநாணில் உராய்ந்து இதே நோவு தோன்றலாம். முடக்குவாதம் உடையோருக்குப் பையில் நீர் கோத்தலும் உண்டு. இத்தகையோர் தமக்கு அறுவை செய்த மருத்துவரிடமோ வாத மருத்துவரிடமோ காட்டுதல் வேண்டும்.

இனி, நோயை அறியும் முறை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, காலை நீட்டியபடியே சற்று உயர்த்தச் சொல்லி, மருத்துவர் தம் கையால் மெல்லத் தடுப்பார். அப்போது தொடையிடுக்கில் அதே வலி எழுந்தால் இத்தசையின்மேல் ஐயம் பிறக்கும். மற்றொரு சோதனை, 19-ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் என்னும் எலும்பு மருத்துவர் பெயரால் வழங்குவது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டால், மற்றத் தொடை படுக்கையோடு படிந்தே இருக்க வேண்டும். அது தானாக மேலே எழும்புமானால், தசை குறுகிவிட்டது என்றோ மூட்டு நீள மறுக்கிறது என்றோ கொள்ளலாம். தேவையானபோது அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ. படமும் உதவும். ஆனால் எல்லோருக்கும் படம் வேண்டுவதில்லை. 2014-ஆம் ஆண்டில் கத்தார் நாட்டின் தோகா நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் கூடி, விளையாட்டு வீரர்களின் தொடையிடுக்கு வலியை எவ்வாறு வகைப்படுத்துவது என்று ஆராய்ந்தனர். கையால் தொட்டும் தடுத்தும் பார்க்கும் சோதனைகளையே அவர்கள் அடிப்படையாகக் கொண்டனர். அவர்கள் வகுத்த வகைகளுள் இந்த இலியோசோவாஸ் நோவும் ஒன்று.

இப்போது மிக முதன்மையான பகுதிக்கு வருகிறேன். தொடையிடுக்கு வலியெல்லாம் தசைநாண் வலி அன்று. முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்த பின் தொடையிடுக்கு வலிக்கிறது என்றால், தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். சில முறிவுகளில் நொண்டியபடி நடக்கவும் முடியும். அதனால் ஏமாந்துவிடக் கூடாது. சுளுக்கு என்று எண்ணிக் காலை இழுத்து வழிப்பவரிடம் கொண்டுசெல்வது அத்தகையோருக்குப் பெருந்தீங்கு விளைக்கும். நிலை பிறழாத முறிவும் அதனால் பிறழ்ந்துவிடும். இளைஞரும் இதற்கு விலக்கல்லர். நெடுந்தொலைவு ஓடிப் பழகுவோருக்கு, அடி எதுவும் படாமலே, ஓயாத அதிர்ச்சியால் அதே கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாவதுண்டு. காலை ஊன்றும்போதெல்லாம் வலித்து, நாளுக்கு நாள் கூடி, இரவிலும் நோகுமாயின் ஓட்டத்தை உடனே நிறுத்திப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் மூட்டிலோ தசையிலோ சீழ் பிடித்திருக்கலாம். முதுகெலும்பைப் பற்றும் காசநோய், சோவாஸ் தசையின் உறைக்குள் சீழாக வழிந்து, தொடையிடுக்கில் வந்து கட்டியாகத் தோன்றுவதுண்டு. முதுகில் வேர், தொடையில் கட்டி. நெடுநாள் முதுகு வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு தொடையிடுக்கில் வீக்கமும் கண்டால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கலாகாது. குழந்தைகளும் வளரிளம் பிள்ளைகளும் நொண்டினால், முழங்கால்தான் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னாலும், இடுப்பு மூட்டையும் சோதிக்க வேண்டும். மூட்டின் வலி முழங்காலில் தெரிவது அவர்களிடம் மிகுதி. மதுப் பழக்கம் நெடுநாள் உள்ளவருக்கும், ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலம் உட்கொண்டவருக்கும் தொடையெலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி அது நலிவதுண்டு. இருமினால் புடைக்கும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். அது உள்ளே போகாமல் நின்று, வலியும் வாந்தியும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றுள் எதுவும் இல்லை என்று தெளிந்த பிறகே தசைநாண் நோவு என்று அமைதி கொள்ளலாம்.

அவ்வாறு தெளிந்தபின் செய்ய வேண்டியது என்ன? ‘படுத்து ஓய்வெடுங்கள்’ என்பதே பலர் கூறும் அறிவுரை. இவ்வெண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சற்று முன் நான் குறிப்பிட்ட ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டை இடைவிடாமல் நெடுங்காலம் அசையாது வைத்திருப்பதே மருந்து என்று வற்புறுத்தியவர். அவர் காலத்தில் இடுப்பு மூட்டு நோய் என்றால் பெரும்பாலும் காசநோய். அதற்கு மருந்து இல்லாத காலம் அது. அந்நிலையில் அவர் கூறியது பொருந்தும். பின்னர் மருந்து வந்தது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம் 1959-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சியில், சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்ற நுரையீரல் காசநோயாளிகளுக்கு நிகராகவே, வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் குணமடைந்தனர் என்று கண்டனர். ஓய்வை நம்பியிருந்த நோயிலேயே ஓய்வின் இடத்தை மருந்து பெற்றுக்கொண்டது. ஆனால் ஓய்வே மருந்து என்னும் பழைய எண்ணம் மட்டும், அதற்கு உரியதல்லாத தசைநாண் நோவில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தசைநாண் உழைப்பால் வளர்வது. அதனை முற்றிலும் ஓய்வில் விட்டால் வலி குறையும். வலுவும் உடன் குறையும். மூன்று வாரம் படுத்திருந்து வலி நீங்கிற்று என்று மகிழ்ந்து எழுந்தவருக்கு, முதல் படியேற்றத்திலேயே வலி திரும்பி வருவது இதனால்தான். 1999-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் பேர் ஹோல்மிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. அது நாம் பேசும் தசையைப் பற்றியதன்று. தொடையை உட்புறம் இழுக்கும் அண்டைத் தசைகளில் நெடுநாள் வலியுற்ற 68 விளையாட்டு வீரர்களைப் பற்றியது. ஒரு பிரிவினர் தாமே தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்தனர். மற்றப் பிரிவினர் கருவிச் சிகிச்சையும் தேய்ப்பும் பெற்றனர். வலியின்றிப் பழைய அளவில் விளையாட்டுக்குத் திரும்பியவர் முதற் பிரிவில் 23 பேர். மற்றதில் 4 பேர். தனக்குச் செய்யப்படும் சிகிச்சையைவிடத் தான் செய்யும் பயிற்சி மேலானது என்பதை இது நன்கு உணர்த்துகிறது.

ஆயினும் வலியைப் பொருட்படுத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உழைப்பதும் மருந்தாகாது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்துப் பொருள்களை அடுக்கவில்லை. பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறார். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பது அவர் கருத்து. உணவுக்கு அவர் கூறிய நெறி, தசைநாண் தாங்கும் சுமைக்கும் முற்றிலும் பொருந்தும். அந்த அளவை எவ்வாறு அறிவது? எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சியின்போது மெல்லிய வலி இருக்கலாம். அது மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட வேண்டும். மறுநாளும் வலி கூடியே இருந்தால் முந்தைய நாளின் சுமை மிகுதி என்று கொண்டு, அதனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டு வாரமாக வலியே இல்லையென்றால் சுமையைச் சிறிது கூட்டலாம்.

தொடக்கத்தில் ஓரிரு வாரங்கள், வலியைத் தூண்டும் செயல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் உதைத்தலும் வேண்டா. சமதரையில் மெல்ல நடக்கலாம். படியேறும்போது நலமான காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பற்றிக்கொள்ளலாம். தாழ்ந்த இருக்கையும் நெடுநேரம் சப்பணமிட்டு அமர்வதும் நோவைக் கூட்டினால், சில நாள் உயர்ந்த நாற்காலியில் அமரலாம். நாற்காலியே கதி என்று இருப்போர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது நல்லது. வலி மிகும்போது துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வைக்கலாம். தொடையிடுக்கில் பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால், அங்கே விரலால் ஆழ அழுத்தித் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பின்னர்ப் பயிற்சி. முதற் பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டா. நாற்காலியில் அமர்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் உள்ளங்கையை வையுங்கள். முழங்காலை மேலே தூக்க முயலுங்கள். கை அதைத் தடுக்கட்டும். கால் அசையக் கூடாது. தசை மட்டும் இறுக வேண்டும். முழு வலுவில் பாதியைக்கொண்டு 10 வினாடி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஐந்து முறை செய்தால் ஒரு வேளைக்குப் போதும். காலையும் மாலையும் செய்யலாம். இது எளிதான பிறகு, சுவரைப் பிடித்து நின்றுகொண்டு முழங்காலை இடுப்பளவுக்கு மெல்ல உயர்த்தி, இரண்டு மூன்று எண்ணிக்கை நிறுத்தி, உயர்த்தியதைவிட மெதுவாக இறக்குங்கள். பத்து முறை ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சுற்று. அதுவும் எளிதானபின், ரப்பர்ப் பட்டை ஒன்றைப் பாதத்தில் மாட்டி அதன் இழுப்புக்கு எதிராகத் தூக்கலாம். 2016-இல் வெளியான டென்மார்க்கு ஆய்வு ஒன்றில், நலமான உடல் உடையோர் ஆறு வாரம் இவ்வாறு ரப்பர்ப் பட்டையால் பயின்றபோது இத்தசையின் வலு 100-க்கு 17 பங்கு கூடிற்று. எளிய பட்டை ஒன்றும் ஆறு வாரப் பொறுமையும் தருகிற பயன் இது.

இதனோடு பின்தசைகளையும் வலுப்படுத்த வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றிப் பிட்டத்தை மெல்ல உயர்த்தி இறக்குவது அதற்கு நல்ல பயிற்சி. முன்னே இழுப்பதும் பின்னே இழுப்பதும் ஒத்த வலுவோடு இருந்தால்தான் இடுப்பு சமநிலையில் நிற்கும்.

தசையை நீட்டும் பயிற்சி பற்றி ஓர் எச்சரிக்கை. இறுகிய தசையை இழுத்து நீட்டினால் நோவு தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் காலைப் பின்னே மிகுதியாக நீட்டும்போது, நோவுற்ற தசைநாணும் பையும் எலும்பின்மேல் இன்னும் அழுந்துகின்றன. வலி கூர்மையாக இருக்கும் நாட்களில் வலிந்து நீட்டுவது புண்ணைக் கிளறுவதை ஒக்கும். வலி தணிந்தபின், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து, இடுப்பை மெல்ல முன்தள்ளி அரை நிமிடம் நிற்கலாம். இழுப்புத் தெரிய வேண்டும். வலி தெரியக் கூடாது.

மருந்துகள் துணைபுரிவன; முதன்மையானவை அல்ல. வலி தணிக்கும் மாத்திரையைச் சில நாள் உட்கொள்ளலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உடையவரும் கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்கி உண்ணலாகாது. பையின் அழற்சி மிகுந்து, பயிற்சி செய்யவே முடியாதபோது, அல்ட்ராசவுண்டு உதவியோடு ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது வலியைத் தணித்துப் பயிற்சிக்கு வழி திறக்கும். திறந்த வழியில் நடக்க வேண்டியவர் நாம்தான். ஊசியை மட்டும் மீண்டும் மீண்டும் போட்டுக்கொள்வது நன்றன்று. நீரிழிவு உடையோருக்கு இவ்வூசிக்குப் பின் சில நாள் இரத்தத்தில் சர்க்கரை உயரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பல மாதப் பயிற்சிக்கும் பணியாத மிகச் சிலருக்கே, தசைநாணைச் சிறிது அறுத்துத் தளர்த்தும் அறுவை தேவைப்படும். அதன்பின் காலைத் தூக்கும் வலு ஓரளவு குறையக்கூடும் ஆதலால், அதனைக் கடைசி வழியாகவே கொள்வர்.

எத்தனை நாளில் குணமாகும் என்று கேட்பீர்கள். புதிதாகத் தோன்றிய நோவு சில வாரங்களில் அடங்கும். நெடுநாள் பட்டதற்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் சில நாள் வலி கூடுவதும் உண்டு. அதனால் மனம் தளர்ந்து பயிற்சியை விட்டுவிடாமல், அளவை மட்டும் சிறிது குறைத்துத் தொடர வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சிறிதும் முன்னேற்றம் காணாவிட்டால் மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.

குடும்பத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே வீக்கமும் காயமும் இல்லாத வலியைப் பாசாங்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஆடும் பிள்ளையோ ஓடும் பிள்ளையோ தொடையிடுக்கு நோகிறது என்று சொன்னால், ‘பயிற்சியை விடாதே’ என்று விரட்டவும் வேண்டா. ‘இனி ஆடவே வேண்டா’ என்று தடுத்து நிறுத்தவும் வேண்டா. என்ன நோவு என்று அறியுங்கள். அளவைக் குறைத்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். அசையாமல் கிடப்பதற்கும் அளவின்றி உழைப்பதற்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. அவ்வழியே பொறுமையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் தம் பழைய நடையையும் ஆட்டத்தையும் திரும்பப் பெறுகின்றனர்.